பன்றிக்கும் குரங்குக்கும் எந்தத் துவக்கு? கட்டுப்படியான விலையில் றைபிள் எடுக்கலாமா?

முத்தையன்கட்டு கச்சான்

வணக்கம் எல்லோருக்கும். முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரம் மேட்டுக்காணியில் கச்சானும் மரவள்ளியும், பள்ளத்தில் கொஞ்ச வயலும் செய்கிறேன். காட்டோரக் காணி. விதை போட்ட இரவே பன்றி இறங்கி, வரிசை பிடித்துக் கிண்டிக்கொண்டு போகிறது. அதில் தப்பி முளைத்தால் காய் பிடிக்கும் நேரம் திரும்பவும் வருகிறது. மரவள்ளியை முள்ளம்பன்றி அடியில் கடித்துச் சாய்க்கிறது, பகலில் குரங்கு. விதைக் கச்சான் விற்கிற விலையில் ஒரு போகத்துக்கு இரண்டு தரம் விதைக்க யாரால் முடியும்?

துவக்கு ஒன்று எடுப்பதென்று முடிவு செய்துவிட்டேன். லைசென்சோடுதான். யூடியூப்பில் வெளிநாட்டுக் கமக்காரர் .22, .17, .223 என்று என்னென்னவோ சொல்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கிற மச்சான் .223 றைபிளைவிட நல்லது இல்லை என்கிறார். எனக்கு வேண்டியது மூன்று. விலை கட்டுப்படியாக வேண்டும், ரவை தொடர்ந்து கிடைக்க வேண்டும், பன்றி வெடிபட்ட இடத்திலேயே விழ வேண்டும். காயத்தோடு ஓடிப்போய்ப் பற்றைக்குள் கிடந்து நாள்கணக்கில் சாவதில் எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் பழசு

தம்பி, எந்த ரவை என்ற கேள்வி கடைசியில் வர வேண்டியது. முதலில் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், உங்களுக்கு எதற்கு அனுமதி கொடுப்பார்கள் என்று பாருங்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. எங்கள் பக்கத்தில் பயிர்க்காவலுக்கென்று அனுமதி எடுத்தவர்கள் கையில் நான் கண்டதெல்லாம் 12 போர் சொட்கண்தான், ஒரு தோட்டாவில் பல குண்டு சிதறிப் போகிற துவக்கு. றைபிள் என்று எழுதிக் கொடுத்தால் அந்த விண்ணப்பம் மேசையிலேயே கிடக்கும்.

கிராம அலுவலரின் சிபாரிசு, பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், பொலிஸ் அறிக்கை, அப்புறம் மாவட்டச் செயலகம். இந்த வழியில் போக வேண்டும், நேரம் எடுக்கும், வருடா வருடம் புதுப்பிக்கவும் வேண்டும். ஆகவே உங்கள் முன்னால் இருக்கிற தெரிவு ஒற்றைக்குழலா இரட்டைக்குழலா, எந்தத் தோட்டா என்பதுதான்.

முத்தையன்கட்டு கச்சான்

ஐயா, விளங்குது. ஆனால் ஏன் என்றும் தெரிந்தால் நல்லது. ஒரு .22 சின்னத் துவக்கு, சத்தமும் குறைவு, ரவையும் மலிவு என்கிறார்களே. அதைக் கொடுப்பதில் என்ன பிரச்சினை? சொட்கண்ணைவிட ஆபத்துக் குறைவு இல்லையா?

விக்டோரியா வன்னியான்

நான் பாண்டியன்குளத்து ஆள், இப்போது அவுஸ்திரேலியாவில் தோட்டம் ஒன்றில் வேலை. இங்கே முயலும் நரியும் சுடுவது தோட்ட வேலையில் ஒரு பங்கு, அதனால் றைபிள் பற்றிச் சொல்ல முடியும். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில், இல்லை. .22 ஆபத்துக் குறைந்தது இல்லை.

.22 எல்.ஆர் 1887இல் வந்த ரவை. 40 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய இரண்டரை கிராம் ஈயம், செக்கனுக்கு 330 முதல் 380 மீற்றர் வேகத்தில் வெளியே போகும். முயலுக்கு 50 மீற்றரில் இதைவிடச் சிக்கனமானது கிடையாது. 50இல் குறி சரிசெய்து வைத்தால் 100 மீற்றரில் ஒரு சாணுக்குக் கிட்டக் கீழே விழும், காற்றிலும் விலகும். அதற்கு அப்பால் குறி பார்த்துச் சுட அதில் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஈயம் 100 மீற்றரோடு நின்றுவிடுவதில்லை. குழலைக் கொஞ்சம் உயர்த்திச் சுட்டால் ஒன்றரை மைல்வரை போகும் என்று பெட்டியிலேயே அச்சடித்திருப்பார்கள். வேகம் குறைந்த உருண்டை மூக்கு ஈயம், கல்லில் பட்டால் தெறிக்கும், தண்ணீரில் பட்டாலும் தெறிக்கும். குளத்தங்கட்டிலும் நீர் நிற்கிற வயலிலும் அதை நினைத்துப் பாருங்கள்.

பன்றிக்கு .22 எல்.ஆர் என்ற பேச்சே வேண்டாம். கிடாப்பன்றிக்குத் தோளில் தடித்த கவசம் மாதிரி ஒரு தோல் இருக்கிறது. .22 அதற்குள் போய் நிற்கும், பன்றி ஓடும், நீங்கள் விரும்பாததுதான் நடக்கும்.

மச்சான் சொன்ன .223 வேறு கதை. 1964இல் வந்தது, 55 கிரெய்ன் குண்டு செக்கனுக்கு ஏறக்குறைய 990 மீற்றர். நரிக்கு 200 மீற்றரில் மிக நல்லது. பன்றிக்கு இங்கே பலர் .223 போதாது என்று .243க்குப் போகிறார்கள். விலை என்று பார்த்தால், .22 ஒன்று வெடிக்கிற காசுக்குப் பல மடங்கு .223 ஒன்றுக்கு. துவக்கு மலிவாகக் கிடைத்தாலும் ரவையில் காசு போகும், அதற்கு மேலே தூரக்கண்ணாடி, அதைப் பிடிக்கிற வளையங்கள், பூட்டி வைக்க இரும்புப் பெட்டி. முதல் றைபிள் வாங்குகிற யாரும் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கேயும் நினைத்தபடி வாங்க முடியாது. 1996இல் போர்ட் ஆதரில் நடந்த படுகொலைக்குப் பிறகு சட்டம் இறுகியது. .22 எல்.ஆர் 'ஏ' பிரிவு, .223 'பி' பிரிவு, எதற்கு வேண்டும் என்று காரணம் காட்ட வேண்டும், தானாக அடுத்த ரவை ஏறுகிறவை சாதாரண ஆட்களுக்குக் கிடையாது.

ஒட்டுசுட்டான் பழசு

தம்பி விக்டோரியா சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் எங்கள் மண்ணை வைத்துச் சொல்கிறேன்.

வன்னி தட்டை நிலம். வெளிநாட்டு வீடியோவில் அவர்கள் மேட்டில் படுத்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள், குண்டு தவறினால் பின்னால் இருக்கிற மண்மேடு வாங்கும். எங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பற்றை, அதற்குப் பின்னால் மாட்டுப்பட்டி, அதற்குப் பின்னால் இன்னொருவனின் காவல் கொட்டில். இரவில் தேன் எடுக்கப் போனவன் திரும்பி வருவான், குளத்துக்கு மீனுக்குப் போனவன் வருவான், அவன் கையில் லைற் இருக்கும் என்று எழுதி வைத்தா இருக்கிறது? அதனால் நான் கேட்கிற முதல் கேள்வி, இந்தக் குண்டு பன்றியில் படாவிட்டால் எங்கே போய் நிற்கும்?

12 போரில் 4ஆம் நம்பர் தோட்டா போட்டால் அதில் இருக்கிற சின்னக் குண்டு, அந்தச் சன்னம், இருநூற்றைம்பது மீற்றருக்குள் விழுந்துவிடும். எஸ்.ஜி என்கிற தோட்டாவின் குண்டு பெரியது, 8.4 மில்லிமீற்றர் தடிப்பு, அது உயர்த்திச் சுட்டால் 600 மீற்றர் தாண்டும். ஆகவே எஸ்.ஜியும் விளையாட்டுச் சாமான் இல்லை. ஆனால் .22 போகிற தூரத்தோடும் .223 போகிற தூரத்தோடும் பார்த்தால் எங்கள் காணி அளவுக்கு அடங்குகிறது. பரணில் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு மண்ணுக்குள் போகும். பரண் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது பயத்துக்காக மட்டும் இல்லை.

இனிப் பன்றி. எஸ்.ஜி தோட்டாவில் வழமையாக 9 குண்டு. அதில் ஒரு குண்டு குழல் வாயில் கொண்டு போகிற விசையே ஒரு .22 ரவையின் விசையைவிடக் கூட. 25 மீற்றரில் அதில் ஆறேழு முன்னங்காலுக்குப் பின்னால் படிந்தால் பன்றி தூரம் போகாது. 30 மீற்றர் என்றால் யோசித்துச் சுடுங்கள். 40 என்றால் சுடவே வேண்டாம், இரண்டு குண்டு வயிற்றில் பட்டு அது காட்டுக்குள் போகும். 4ஆம் நம்பரைப் பன்றிக்குப் போடாதீர்கள். நூற்றுக்கு மேல் சன்னம் இருக்கிறதே என்று நினைப்பார்கள், ஒன்றுகூட ஆழப் போகாது.

துவக்கு கைக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, பலர் செய்வதில்லை. வெறும் யூரியாப் பையை விரித்து நாலு மூலையிலும் தடி குத்திக் கட்டுங்கள், நடுவில் கரியால் ஒரு பெரிய வட்டம். பின்னால் குளக்கட்டு மாதிரி உயர்ந்த மண் இருக்க வேண்டும், அக்கம் பக்கத்துக்குச் சொல்லிவிட்டுப் பகலில் செய்யுங்கள். 20 மீற்றரில் ஒன்று, 30இல் ஒன்று, 40இல் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் புதுப் பை. ஓட்டைகளை எண்ணுங்கள். 20இல் ஒன்பதும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குள் கிடக்கும். 30இல் இரண்டு மூன்று வட்டத்துக்கு வெளியே போயிருக்கும். 40இல் பையிலேயே பாதிதான் இருக்கும், அதுவும் நடுவில் ஒன்றும் இல்லாமல் ஓரத்தில். ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு மாதிரி, சோக், அதாவது குழல் வாயின் ஒடுக்கம், இறுக்கமான குழலில் எஸ்.ஜி சிதறவும் கூடும். மூன்று தோட்டாக் காசு போகிறதே என்று பார்க்காதீர்கள். உங்கள் துவக்கின் எல்லை எது என்று அந்தப் பை சொல்லும். பரணில் இருந்து அந்தத் தூரத்தில் ஒரு தடியை நட்டு வெள்ளைத் துணி கட்டிவிடுங்கள். பன்றி தடிக்கு அந்தப் பக்கம் நின்றால் லைற் மட்டும்.

நெடுங்கேணி மருதன்

இவ்வளவு அலைச்சல் எதுக்கு அண்ணை? லைசென்ஸ் என்று கச்சேரிக்கும் பொலிசுக்கும் நடந்து போகம் முடிஞ்சிடும். எங்கட பக்கத்தில இடியன் எண்ட நாட்டுத்துவக்கு செய்து தர ஆக்கள் இருக்கினம். இல்லாட்டி பன்றி வாற பாதையில, தட்டுப்பட்டாத் தானா வெடிக்கிற கட்டுத்துவக்கைக் கட்டிவிட்டா நித்திரையும் கொள்ளலாம், விடிய வந்து பன்றியையும் எடுக்கலாம்.

துணுக்காய் தாதி

மருதன் தம்பி, இதைக் கோபத்தில் எழுதவில்லை, ஆனால் நேராகவே எழுதுகிறேன். கட்டுத்துவக்கில் பட்டவர்களைக் கட்டிலில் கண்டவள் நான். பன்றியின் நெஞ்சு உயரத்துக்குக் கட்டினால் அது மனிதனின் முழங்காலுக்கும் தொடைக்கும் வருகிறது. எலும்பு ஒரே இடத்தில் உடைவதில்லை, நொறுங்கும். உள்ளே ஈயம் மட்டும் இல்லை, ஆணித் துண்டு, சைக்கிள் போல்ஸ், மண், துணி எல்லாம் சேர்ந்து போகும். எடுத்து முடிக்க முடியாமல் காலையே எடுக்க வேண்டி வரும். வருகிறவர் யார் என்று பார்த்தால் விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர், சில வேளை கட்டியவரின் வீட்டு ஆள்.

இந்த மண்ணில் காலை இழந்தவர்கள் போதும். மிதிவெடி எடுத்து முடித்த காணிக்குள் நாமே இன்னொரு வெடியைக் கட்டி வைப்பதா? இடியனும் அப்படித்தான். தண்ணீர்க் குழாயில் செய்த குழல் எப்போது பின்பக்கம் வெடிக்கும் என்று அதைச் செய்தவனுக்கும் தெரியாது. கண்ணும் விரலும் போனவர்களைக் கண்டிருக்கிறேன். பிடிபட்டால் மறியல், வழக்கு. அதை விடுங்கள், உடம்பை யோசியுங்கள்.

ஒட்டுசுட்டான் பழசு

தாதி மகள் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. பன்றிவெடியையும் அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும், சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் என்பார்கள். தீனுக்குள் வெடிமருந்தை வைத்துப் போடுவார்கள். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடிக்கும். தாடை சிதறி, தின்னவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் குளத்தில் தண்ணீருக்குள் நின்றே சாகும். மாடும் கடிக்கும். வீட்டுக் கறண்டை வேலிக் கம்பிக்குக் கொடுப்பதும் இதே பாவம்தான். யார் தொட்டாலும் சாவு.

முத்தையன்கட்டு கச்சான்

மருதன் அண்ணை, கட்டுத்துவக்குக்கு நான் வரமாட்டேன். என்ர பிள்ளைகள் அந்தக் காணிக்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள்.

ஒன்ராரியோ மாங்குளத்தான்

கனடாவிலிருந்து. அவர்கள் வீடியோவில் காட்டுகிற 'வார்மின்ற்' வேட்டை என்பது பெரும்பாலும் கிரவுண்ட்ஹொக் என்கிற, வளை தோண்டுகிற ஒரு பெரிய அணில் இன மிருகம், இரண்டு மூன்று கிலோவிலிருந்து ஐந்து கிலோவரை வரும். சோயா வயலில் வளை தோண்டும், அதற்குள் உழவு இயந்திரச் சில்லு இறங்கும், மாட்டின் கால் முறியும். அதற்கென்று செய்த ரவைதான் .17 எச்.எம்.ஆர், 2002இல் வந்தது. 17 கிரெய்ன் குண்டு, ஒரு கிராம் சொச்சம், செக்கனுக்கு 770 மீற்றருக்கு மேல் வேகம், பட்டதும் உடைந்து தூளாகும், தெறிப்பது குறைவு. ஐந்து கிலோ மிருகத்துக்கு 120, 150 மீற்றரில் அருமையான சாமான். அதே தூளாகும் குணத்தால் பன்றியின் தோளில் தோலோடு நின்றுவிடும். 1959இல் வந்த .22 மக்னம் இரண்டுக்கும் நடுவில், அதுவும் பன்றிக்கு இல்லை.

இங்கே மலிவில் என்றால் சவேஜ் மார்க் 2 ஒன்று .22இல், அல்லது அதே கம்பனியின் எக்ஸிஸ் .223இல். புதிதாக வேட்டை பழகுகிறவர்கள் பலர் இவற்றில்தான் தொடங்குகிறார்கள். அதற்கும் வகுப்பு எடுத்துப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வேண்டும். ஆனால் இந்த இரண்டையும் நான் மாங்குளத்துக் காணிக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். காரணத்தை ஐயா மேலே சொல்லிவிட்டார். இங்கே ஒரு வயல் நூறு ஏக்கர், பக்கத்தில் மனுசர் இல்லை. மிருகமும் வேறு, நிலமும் வேறு.

விசுவமடுத் தோட்டம்

துவக்கு என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்க முடியாத ஆட்களும் இருக்கிறோம், எங்களையும் யோசியுங்கள். நானும் அம்மாவும்தான் தோட்டம் செய்கிறோம். இரவில் எங்கேயாவது ஒரு வெடிச்சத்தம் கேட்டால் அம்மா எழும்பி உட்கார்ந்துவிடுவா, பிறகு விடியும்வரை நித்திரை இல்லை. யானைவெடிக்கும் அப்படித்தான். அடுத்த காணியில் துவக்கு எடுத்தால் முதலில் எங்களிடம் வந்து சொல்லுங்கள். இன்றிரவு காவல் இருக்கிறோம், சத்தம் கேட்டால் பயப்படாதே என்று ஒரு சொல். அது அம்மாவுக்குப் பெரிய விசயம்.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். கச்சான் பாத்தியைச் சுற்றி வலைக்கம்பி, மூன்றடி மேலே, ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து வெளிப்பக்கமாக மடித்திருக்கிறோம். பன்றி மூக்கை வைத்துத் தூக்கப் பார்க்கும், மடித்த கம்பியின்மேல் அதன் முன்னங்கால் நிற்பதால் தூக்க முடியாது. முள்ளுக்கம்பி மட்டும் என்றால் பன்றி படுத்துக்கொண்டு நுழைந்துவிடும். கம்பி வாங்கக் காசு போதாத பக்கத்துக்குப் பழைய சேலை கட்டினோம். சேலைக்குக் கொஞ்ச நாள்தான் பயப்படும், இடம் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். இரண்டு நாய். வேலிக்கு வெளியே ஆறடி அகலத்துக்குப் பற்றையை வெட்டி வெளியாக்கினோம், பன்றி வெளிச்ச வெளியைக் கடக்க யோசிக்கும். இதெல்லாம் சேர்ந்து பன்றியை நிறுத்தியது. குரங்கை இது ஒன்றும் நிறுத்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முத்தையன்கட்டு கச்சான்

அக்கா, வெளிப்பக்கம் மடிக்க வேண்டும் என்பது எனக்குப் புதிது, நான் நேராகப் புதைக்கத்தான் நினைத்திருந்தேன். பக்கத்துக் காணிகளுக்குக் கட்டாயம் சொல்லுவேன்.

குரங்குக்கு என்ன செய்வது? எயார் றைபிள் போதும் என்கிறார்களே.

செட்டிகுளம் உழுந்து

குரங்கு விசயத்தில் துவக்கை விடுங்கள். கூட்டமாக வருகிற மிருகம், ஒன்றைச் சுட்டால் மிச்சம் இரண்டு நாள் வராது, மூன்றாம் நாள் வரும். எயார் றைபிளின் ஈயம் குரங்கைக் கொல்லாது, கண்ணில் பட்டால் குருடாக்கும், வயிற்றில் பட்டால் சீழ் பிடித்துச் சாகும். எலிக்கு, அணிலுக்கு இருபது மீற்றருக்குள் சரி. அதையும் வாங்க முன் அனுமதி வேண்டுமா என்று கச்சேரியில் கேட்டு, பதிலை எழுத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காபைட் குழாய் வெடி செய்கிறார்கள், தண்ணீர் பட்டதும் அசற்றலின் வாயு வந்து வெடிக்கிறது. ஏன் வெடிக்கவில்லை என்று குழாய்க்குள் எட்டிப் பார்க்கிற நேரம்தான் அது வெடிக்கும். பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுக்கக் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எண்ணினார்களே, நானும் கடதாசியோடு நின்று எங்கள் காணியில் நின்றதை எழுதிக் கொடுத்தேன். எண்ணியாகிவிட்டது, அதன் பிறகு எங்கள் வரம்புக்கு என்ன வந்தது? கமநல நிலையக் கூட்டங்களில் இதை விடாமல் கேட்க வேண்டும். குரங்கு ஒரு காணியின் பிரச்சினை இல்லை, ஒருத்தர் கலைத்தால் அடுத்தவர் காணியில் இறங்கும். எங்கள் வரிசையில் எட்டு வீடும் முறை வைத்துப் பகல் காவல் இருக்கிறோம், உழுந்து காய்க்கிற காலத்துக்கு மட்டும். அதில்தான் ஓரளவு மிஞ்சியது.

மயிலைத் தொடவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பறவை, வழக்கு வரும். முருகன்ர வாகனத்தைச் சுட்டுவிட்டு நீங்கள் ஒட்டுசுட்டான் கோயிலுக்கும் போக முடியாது. மான், மரை பற்றிச் சொல்லத் தேவையில்லை. லைற் அடித்ததும் பச்சையாக இரண்டு கண் தெரிந்தவுடன் விசையில் விரல் வைக்கிற பழக்கம் ஒருவருக்கும் வேண்டாம். உடம்பு முழுதாகத் தெரிய வேண்டும். மாட்டுக் கண்ணும் மினுங்கும்.

நெடுங்கேணி மருதன்

சரி, கட்டுத்துவக்குக் கதையை நான் எழுதினது சும்மா இல்லை. என்ர காணி காட்டுக்குள்ள தனிய இருக்கு, எட்டு வீடு இல்லை, முறை வைக்க ஆளும் இல்லை. இரவில காவல் இருந்திட்டுப் பகலில கூலிக்குப் போக வேணும். லைசென்சுக்கு நாலு இடத்துக்கு நடந்தா நாலு நாள் கூலி போகும். அதையும் யோசியுங்கோ. தாதி அக்கா சொன்னதை வாசிச்சனான். கட்டினதை அவிழ்த்திட்டன்.

துணுக்காய் தாதி

தம்பி, நன்றி. உங்கள் நிலைமையும் விளங்குகிறது. நாலு இடத்துக்கு நடக்க வைக்காமல் கமநல நிலையத்தில் ஒரே நாளில் எல்லாப் படிவத்தையும் எடுக்கும்படி கேட்க உங்கள் கமக்கார அமைப்பால் முடியும். கேட்டு எழுதுங்கள்.

ஒட்டுசுட்டான் பழசு

மருதன், காணி தனிய இருந்தால் வேலியில்தான் காசைப் போட வேண்டும். விசுவமடுப் பிள்ளை சொன்ன வலைக்கம்பியை முழுக் காணிக்கும் போட முடியாது, கச்சான் மட்டும் அரை ஏக்கருக்குச் சுருக்கி அதைச் சுற்றிப் போடு. மிச்சத்துக்கு எள்ளுப் போட்டுப் பார், கச்சான் மாதிரிப் பன்றி அதைத் தேடி வராது.

முத்தையன்கட்டுத் தம்பிக்கு, துவக்கு எடுக்கிற கதை. புதிதாக எடுக்க வசதி இல்லாவிட்டால் லைசென்ஸ் உள்ள ஒருவரிடமிருந்து முறைப்படி மாற்றி எடுக்கலாம், அதுவும் கச்சேரி வழியாகத்தான். அப்பா வைத்திருந்தது, தாத்தா வைத்திருந்தது என்று வீட்டில் கிடக்கிற துவக்கை உங்கள் பெயரில் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். வாங்க முன் இவற்றைப் பாருங்கள். குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள், கண்ணாடி மாதிரி மினுங்க வேண்டும், கறுப்புப் பொட்டாகத் துருக்குழி இருந்தால் விடுங்கள். குழலில் விரலால் தட்டினால் மணிச் சத்தம் வர வேண்டும். இரட்டைக்குழல் என்றால் இரண்டு குழலையும் பிடித்திருக்கிற ஒட்டு விட்டிருந்தால் அடைத்த சத்தம் வரும். குழலின் மேலே பாம்புத்தோல் மாதிரி வரிவரியாக இருந்தால் அது பழைய டமஸ்கஸ் குழல், கரிமருந்துக் காலத்துச் சாமான், இன்றைய தோட்டாவைத் தாங்காது. பூட்டி வைத்து ஆட்டிப் பார்த்தால் மடக்குகிற இடத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது.

முக்கியமானது குழலில் தோட்டா போடுகிற அறையின் நீளம். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் 65 மில்லிமீற்றர், இரண்டரை அங்குலம். இன்றைக்குக் கிடைக்கிற தோட்டா பெரும்பாலும் 70. தோட்டா உள்ளே போகும், மூடவும் செய்யும், அதனால்தான் ஆபத்து. வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், எண் அழிந்திருந்தால் அளக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

என்னைக் கேட்டால் ஒற்றைக்குழல், வெளியே சுத்தியல் உள்ளது. கொளுவியிருக்கிறதா இல்லையா என்று இருட்டிலும் பெருவிரலால் தடவிப் பார்க்கலாம். விலையும் குறைவு, பாரமும் குறைவு. இரண்டாவது வெடி இல்லையே என்பீர்கள். இரண்டாவது இல்லை என்று தெரிந்தால்தான் முதலாவதை ஒழுங்காகச் சுடுவீர்கள்.

விக்டோரியா வன்னியான்

ஐயா சொன்னதோடு ஒன்று. பரணில் ஏற முன் தோட்டாவை வெளியே எடுங்கள், ஏறி உட்கார்ந்த பிறகு போடுங்கள், இறங்க முன் திரும்ப எடுங்கள். வயல்வரம்பில் சறுக்கி விழுந்து குழல் வாய் சேற்றில் குத்தினால், வாயைத் துணியால் துடைத்துவிட்டுச் சுடாதீர்கள். மடக்கித் திறந்து குழலுக்குள்ளால் மறுபக்க வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு கட்டி மண் உள்ளே இருந்தால் குழல் உங்கள் கைக்குப் பக்கத்திலேயே வெடிக்கும்.

முத்தையன்கட்டு கச்சான்

எல்லோருக்கும் நன்றி. றைபிள் யோசனையை விட்டாச்சு. மச்சானுக்கும் இந்த இழையை அனுப்பினேன், அவர் இருக்கிற இடத்துக்கு .223 சரி, இங்கே இல்லை என்று அவரே சொல்கிறார். இந்தக் கிழமை கிராம அலுவலரிடம் போய் ஒற்றைக்குழல் 12 போருக்கு விண்ணப்பம் எழுதப் போகிறேன். அது வரும்வரை கச்சான் பாத்திக்கு வலைக்கம்பி, வெளிப்பக்கம் மடித்து.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். எஸ்.ஜி பட்டும் பன்றி விழாமல் காட்டுக்குள் போனால் அந்த இரவே பின்னால் போக வேண்டுமா?

ஒட்டுசுட்டான் பழசு

போகக் கூடாது தம்பி. வெடிபட்ட பன்றி பற்றைக்குள் திரும்பி நின்று காத்திருக்கும், முழங்கால் உயரத்தில் கோரைப்பல்லால் கிழிக்கும். பரணிலேயே இருங்கள். விடிந்த பிறகு இரண்டு பேராக, நாயோடு, இரத்தத்தைப் பார்த்துப் போங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் சுவாசத்தில் பட்டது, கிட்டத்தான் கிடக்கும். கறுத்து, சாணி மணத்தோடு இருந்தால் வயிற்றில் பட்டது, தூரம் போயிருக்கும், இன்னும் உயிரோடு இருக்கவும் கூடும். அப்படியென்றாலும் தேடிப் போய் முடித்துவிட்டு வாருங்கள், அது உங்கள் கடமை. ஆனால் முத்தையன்கட்டுக்கு அந்தப் பக்கக் காட்டில் மிதிவெடி இருக்கிறது என்று சொல்கிற சிவப்பு மண்டையோட்டுப் பலகை எங்காவது இன்னும் நின்றால், பன்றி அதற்குள் போயிருந்தால், அந்த இடத்தில் திரும்பிவிடுங்கள். விண்ணப்பத்தோடு காணி உறுதியின் பிரதியும், உங்கள் பயிர் அழிந்ததைக் கமநல நிலையத்தில் பதிந்த கடிதமும் இருந்தால் நல்லது, அதை முதலே எடுத்து வையுங்கள்.